சிறார் வழக்கும் பெரியவர் நீதிமன்றமும்

பள்ளிப் பருவத்துப் பிள்ளையொருவன் கடுங்குற்றத்தில் பிடிபட்டான் என்ற செய்தி வெளிவந்தவுடன் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. பெரியவர் செய்யும் குற்றத்தைச் செய்தவனுக்குப் பெரியவர்க்குரிய தண்டனையே தகும் என்பது ஒன்று. அறியாப் பருவத்துப் பிழைக்காக ஒரு வாழ்நாளையே பறிக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டுமே நெஞ்சிலிருந்து எழும் குரல்கள்தாம். ஆனால், நீதிமன்றம் சட்டம் வகுத்த வழியில்தான் நடக்கும். சிறார் ஒருவரின் வழக்கு எப்போது பெரியவர் நீதிமன்றத்திற்குச் செல்கிறது, அவ்வாறு செல்வது முறைதானா என்பதை, செடெனாக் வட்டார ஆசிரியர்களும் மாணவர்களும் அறியும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் தரும் அளவுகோல்

தண்டனையைப் பற்றித் தமிழர் சிந்தனையில் தெளிவான ஓர் அளவுகோல் உண்டு. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தின் முதற்குறள், வேந்தன் தண்டிக்கும் முறையைக் கூறுகிறது. அதன் கருத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, நடந்ததைத் தக்கவாறு ஆராய வேண்டும். இரண்டாவது, அக்குற்றம் மீண்டும் நிகழாதிருப்பதே நோக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவது, தண்டனை குற்றத்திற்குப் பொருந்திய அளவில் அமைய வேண்டும். ஆராய்தல், மீளாமை, அளவு என்னும் இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம்.

சிறார் நீதிமன்றம்

மலேசியாவில் சிறார் தொடர்பான முதன்மைச் சட்டம் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். 1947ஆம் ஆண்டின் இளையர் நீதிமன்றச் சட்டத்திற்கு மாற்றாக அது வந்தது. 18 வயது நிறையாத எவரும் அச்சட்டத்தின்படி சிறாரே. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்யும் எச்செயலும் குற்றமாகாது எனத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு கூறுகிறது. 10 வயதுக்கு மேற்பட்டு 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாதிருந்தால், அதன் செயலும் குற்றமாகாது என்கிறது 83ஆம் பிரிவு.

சிறார் நீதிமன்றத்தில் ஒரு மாஜிஸ்திரேட் அமர்கிறார். அவருக்கு உதவியாக அம்மாநிலத்தில் வசிக்கும் பொதுமக்களிலிருந்து நியமிக்கப்பட்ட ஆலோசகர் இருவர் இருப்பர். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். குற்றம் நிறுவப்பட்டபின் பிள்ளைக்கு எத்தகைய ஆணை பொருந்தும் என்பதில் அவர்கள் கருத்துரைப்பர். விசாரணையைக் காணப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடலாகாது. மீறுவோர்க்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மொழியில் நாட்டமுடையோர் கருதத்தக்க ஒரு விதியும் இச்சட்டத்தில் உள்ளது. சிறார் நீதிமன்றத்தில் ‘தண்டனை’ என்ற சொல்லையும், பெரியவர்களைக் குற்றவாளியெனத் தீர்க்கும்போது கையாளும் சொல்லையும் சிறார்மீது வழங்கக்கூடாது. ‘குற்றம் நிறுவப்பட்டது’ என்றும், ‘அதன்மேல் பிறப்பித்த ஆணை’ என்றுமே குறிக்க வேண்டும். ஒருமுறை ஒட்டிய பெயர் ஒருவனை வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர்.

அந்த ஆணைகளும் பலவகைப்படும். எச்சரித்து விடுவித்தல், நன்னடத்தைப் பிணை, உறவினர் பொறுப்பில் ஒப்படைத்தல், அபராதம், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு ஆகியன அவற்றுட் சில. சமூகநல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளிக்கோ, சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளிக்கோ அனுப்புவதும் உண்டு. 14 வயதுக்குட்பட்டவரைச் சிறையிலிட முடியாது. அவ்வயதைக் கடந்தவராயினும், வேறு வழியில் திருத்த இயலுமானால் சிறையைத் தவிர்க்க வேண்டும் என்பதே விதி.

மூன்று வாயில்கள்

ஆனால், எல்லாச் சிறாரும் இந்த நீதிமன்றத்தை அடைவதில்லை. மூன்று வாயில்கள் அவர்களைப் பெரியவர் நீதிமன்றத்திற்கு இட்டுச் செல்கின்றன.

முதல் வாயில், குற்றத்தின் பெயர். மரண தண்டனைக்குரிய குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் சிறார் நீதிமன்றத்திற்கு இல்லை. கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்ற குற்றச்சாட்டுகள் நேரே உயர் நீதிமன்றத்திற்குச் செல்கின்றன.

இரண்டாம் வாயில், உடன் நிற்பவரின் வயது. 18 வயது நிறைந்த ஒருவரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டால், பிள்ளையின் வழக்கையும் பெரியவர் நீதிமன்றமே விசாரிக்கும். இறுதியில் பிள்ளைக்கு இடும் ஆணை சிறார் சட்டத்தின்படியே அமைய வேண்டும். எனினும், விசாரணை நாட்களை அப்பிள்ளை பெரியவர்களுக்குரிய மன்றத்தில், அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றே கழிக்கிறான்.

மூன்றாம் வாயில், காலம். குற்றம் நடந்தபோது சிறாராக இருந்தவர்மீது 18 வயது நிறைந்தபின் குற்றச்சாட்டு கொண்டுவரப்பட்டால், வழக்கு சிறார் நீதிமன்றத்திற்கு வராது. புலனாய்வு சில மாதங்கள் தாமதமாவதே இதற்குப் போதும்.

இம்மூன்று வாயில்களுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. பிள்ளையின் முதிர்ச்சி எத்தகையது, அவன் யாருடைய தூண்டுதலால் இயங்கினான், திருந்தும் வாய்ப்பு எவ்வளவு என்ற வினாக்களை இங்கு எவரும் கேட்பதில்லை. வாயில் தானாகவே திறந்துகொள்கிறது.

விளங்கக் கூறுவதற்காக ஒன்றைக் கற்பனை செய்வோம். செடெனாக்கில் 16 வயது மாணவன் ஒருவனிடம், அவனைவிட மூத்த ஒருவர் ஒரு பையைக் கொடுத்து, வேறோர் இடத்தில் சேர்க்கச் சொல்கிறார். பைக்குள் இருப்பது கஞ்சா. 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருப்பவர் கடத்துபவராகவே கருதப்படுவார் என அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஓர் அனுமானத்தை வகுக்கிறது. அதை மறுத்து நிறுவும் சுமை பிடிபட்டவரைச் சேரும். கடத்தல் குற்றச்சாட்டு 39பி பிரிவின்கீழ் வந்தால் அது மரண தண்டனைக்குரியது; வழக்கு ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்திற்குப் போகும். எடை அதற்குக் குறைவாக இருந்து, வைத்திருந்த குற்றம் மட்டும் சாட்டப்பட்டால், அதே பிள்ளை சிறார் நீதிமன்றத்தில் நிற்பான். இரண்டு நிலையிலும் பிள்ளை ஒருவனே. அவனுடைய அறிவும் அச்சமும் ஒன்றே. பையின் எடையும், எந்தப் பிரிவில் வழக்குத் தொடுப்பது என்ற அரசு வழக்குரைஞரின் முடிவுமே அவன் செல்லும் மன்றத்தைத் தீர்மானிக்கின்றன. ஆராய்தல் என்னும் முதல் அளவுகோல் இங்கே நிறைவேறவில்லை.

கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை விதிப்பதா இல்லையா என்பது அதன்பின் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. ஆயினும், கொலையும் போதைப்பொருள் கடத்தலும் இன்றும் மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களே. ஆதலால் முதல் வாயில் மூடப்படவில்லை.

இரண்டு வழக்குகள் கற்பித்தவை

இவ்வாயில்களின் விளைவை உணர நம் நாட்டு வரலாற்றிலேயே இரண்டு வழக்குகள் உள்ளன. சிறாரின் அடையாளத்தைக் காப்பது சட்டத்தின் நோக்கமாதலால் பெயர்களைத் தவிர்க்கிறோம்.

முதலாவது 1977ஆம் ஆண்டுக்குரியது. 1975இல் அவசரகால அதிகாரத்தின்கீழ் இயற்றப்பட்ட பாதுகாப்பு வழக்கு விதிகள், பாதுகாப்புக் குற்றம் சாட்டப்பட்டவரை வயது பாராமல் விசாரிக்க வேண்டும் என்றும், இளையர் நீதிமன்றச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்றும் கூறின. பினாங்கைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டான். அக்குற்றத்திற்குச் சட்டம் விதித்த ஒரே தண்டனை மரணம். அதையே நீதிமன்றம் விதித்தது. கூட்டரசு நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயன் தரவில்லை. நாட்டிலும் வெளியிலும் பெரும் கவலை எழுந்தது. முடிவில், மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தின் வழியாகவே அவனுயிர் காக்கப்பட்டது. 21 வயது வரை ஹென்றி கர்னி பள்ளியில் வைக்கப்பட வேண்டும் எனத் தண்டனை மாற்றப்பட்டது. 14 வயதுப் பிள்ளையின் உயிரைக் காக்கும் வழி எந்த நீதிமன்றத்திடமும் இல்லாதுபோன நாட்கள் அவை.

இரண்டாம் வழக்கு 2002இல் தொடங்கியது. 12 வயதுச் சிறுவன் ஒருவன், தனக்குப் புறப்பாடம் கற்பித்த ஆசிரியரின் மகளைக் கொன்றதாக உயர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. குற்றம் நடந்தபோது சிறாராக இருந்தவருக்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்பது சிறார் சட்டத்தின் 97ஆம் பிரிவு. அதற்கு மாற்றாக, மாமன்னரோ மாநில ஆட்சியாளரோ திருவுளம் கொள்ளும் காலம்வரை அவரைச் சிறையில் வைக்க வேண்டும் என்றும் அப்பிரிவு ஆணையிடுகிறது. ஜொகூரில் நடந்த குற்றமானால், அந்த அதிகாரம் மாநில ஆட்சியாளராகிய சுல்தானுக்கு உரியது. அச்சிறுவனும் அவ்வாறே தடுத்துவைக்கப்பட்டான். எத்தனை ஆண்டு என்ற எண் அந்த ஆணையில் இல்லை.

2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய தீர்ப்பின் வழி, தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி என்றது. அதை ஆட்சித்துறையிடம் ஒப்படைப்பது அரசமைப்புக்கு முரண் எனக் கூறி அவனை விடுவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1988இல் திருத்தப்பட்ட அரசமைப்பின் 121ஆம் விதிப்படி, நீதிமன்றங்களுக்குரிய அதிகாரம் கூட்டரசுச் சட்டம் வழங்கும் அளவினதே என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் விளக்கம். நீதிபதி ரிச்சர்ட் மலன்ஜும் முடிவில் உடன்பட்டாலும் அவ்விளக்கத்தை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். 97ஆம் பிரிவு நிலைத்தது.

இப்பிரிவில் கருணையும் உண்டு என்பதை மறுக்கலாகாது. அது தூக்குக் கயிற்றை விலக்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறை வருகையாளர் வாரியம் அவ்வழக்கை மீளாய்வு செய்து, விடுதலைக்கோ தொடர்ந்து வைப்பதற்கோ பரிந்துரைக்க வேண்டும். எனினும், முடிவு நாள் அறியாத சிறைவாசம் வளரும் பிள்ளைக்கு வேறொரு சுமையாகிறது. இத்தனை ஆண்டு என்று தெரிந்தவன் நாளெண்ணிப் படிக்கலாம், தொழில் பயிலலாம், தாய்க்கு ஓர் ஆண்டைச் சொல்லலாம். எண்ணே இல்லாதவனுக்கு எதை நோக்கி முயல்வது என்பது தெரியாது. அளவு என்னும் அளவுகோல் இங்கே நிறைவேறவில்லை.

பிற நாடுகளின் வழி

குற்றத்தின் பெயரை மட்டும் பாராமல் பிள்ளையையும் பார்த்து முடிவு செய்யும் முறை உலகில் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966இல், 16 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில் ஒரு நெறியை வகுத்தது. இளையர் நீதிமன்றத்திலிருந்து ஒருவரைப் பெரியவர் நீதிமன்றத்திற்கு மாற்றுமுன் தனி விசாரணை வேண்டும். வழக்கறிஞர் துணை வேண்டும். அறிக்கைகளைப் பார்க்க அவருக்கு உரிமை வேண்டும். மாற்றுவதற்கான காரணத்தை நீதிபதி எழுத வேண்டும்.

இந்தியாவின் அனுபவம் நமக்கு இன்னும் அண்மையது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு மாண்டார். குற்றஞ்சாட்டப்பட்ட அறுவரில் ஒருவர் 18 வயதை எட்டச் சில மாதங்கள் குறைந்தவர். அன்றைய சட்டப்படி அவருக்கு விதிக்க முடிந்தது மூன்று ஆண்டுச் சீர்திருத்த இல்ல வாசமே. வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. ஆயினும், 2015 டிசம்பரில் அந்த இளைஞர் வெளிவந்தபோது எழுந்த கொந்தளிப்பினிடையே புதிய சிறார் நீதிச் சட்டம் நிறைவேறியது. மாணவியின் பெற்றோர் கேட்டது நீதி. அக்கேள்வியை எவரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரை முதலில் சிறார் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும் என்கிறது. குற்றம் செய்யும் உடல், மனத் திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றம் நடந்த சூழல் ஆகியவற்றை ஆராய்ந்தபின்பே பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று முடிவு செய்யப்படும். அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. இம்மதிப்பீடு நுட்பமான பணி என்றும், வாரியத்தில் உளவியல் அறிந்தவர் இல்லையெனில் வல்லுநர் உதவியைப் பெற்றேயாக வேண்டும் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.

இம்முறையும் குறையற்றதன்று. குற்றம் நிறுவப்படுமுன்னரே, செய்தான் என்று வைத்துக்கொண்டு மனத்தை அளக்க வேண்டியிருக்கிறது. சில மணி நேர உரையாடலில், சில மாதங்களுக்கு முந்தைய மனநிலையை அறிவது எளிதன்று. ஆயினும், மாற்றுவதற்கு முன் ஒருவர் அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்ற அளவில் அது தானாகத் திறக்கும் வாயிலைவிட மேலானது.

குற்றம் மீளாதிருக்க

பதின்ம வயதினரின் மூளையில், உணர்ச்சியையும் பரிசு நாட்டத்தையும் தூண்டும் பகுதிகள் முன்னதாகவே விரைந்து இயங்கத் தொடங்குகின்றன. அடக்கிச் சீர்தூக்கும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நண்பர்கள் அருகில் இருக்கும்போது அவர்கள் துணிந்து ஆபத்தை ஏற்பது கூடுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் பதினேழு வயதினருக்கு நன்மை தீமை தெரியாது என்று பொருளன்று. தெரிந்தும் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் முழுமை பெறவில்லை என்பதே பொருள். வளர்ந்துகொண்டிருப்பவன் மாறவும் கூடியவன். குற்றத்தில் ஈடுபடுவோரின் விகிதம் பதின்ம வயதின் இறுதியில் உச்சம் தொட்டு, பிறகு தானே இறங்குவதைப் பல நாடுகளில் கண்டுள்ளனர்.

கடுமை அச்சத்தை விளைக்கும், அச்சம் குற்றத்தைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவில் பெரியவர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்ட இளையரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பொதுச் சுகாதாரப் பணிக்குழுவொன்று, 2007இல் அதற்கு மாறான முடிவையே தெரிவித்தது. மாற்றப்பட்டவர்களிடையே பின்னாளில் வன்முறை குறையவில்லை. பொதுவாகக் கூடியே இருந்தது. பெரிய குற்றவாளிகளோடு பழகுவதும், கல்வி அறுபடுவதும், ஒட்டிய பெயரால் வேலை கிடைக்காமற்போவதும் எவரையும் எங்கு கொண்டுசெல்லும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

நம் சமூகத்திற்கு இது எட்டநின்று பேசும் செய்தியன்று. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் நம் இளைஞர்களின் பங்கு குறித்து நாடெங்கும் பேசப்பட்டது. கும்பல்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தூதுவர்களாகவும் சுமப்பவர்களாகவும் பயன்படுத்தும்போது இரண்டாம் வாயில் திறக்கிறது. பிள்ளையை இழுத்தவரும் இழுபட்ட பிள்ளையும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள்.

எப்போது மாற்றலாம்?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். குற்றத்தின் பெயரோ, உடன் நின்றவரின் வயதோ, வழக்குத் தொடுத்த நாளோ தாமாகவே ஒரு பிள்ளையைப் பெரியவர் நீதிமன்றத்திற்கு அனுப்பக் கூடாது. 16 வயதுக்குட்பட்டவரை எக்குற்றத்திற்கும் சிறார் நீதி முறைக்குள்ளேயே விசாரிக்க வேண்டும். 16, 17 வயதினர் உயிர் பறித்தல் போன்ற மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்டிருந்தால் மட்டும், வழக்கறிஞரும் உளவியல் அறிக்கையும் உடனிருக்க, நீதிபதி காரணங்களை எழுதி மாற்றலாம். எந்த மன்றம் விசாரித்தாலும், நீதிபதி விதிக்கும் கால வரம்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கும் அது நன்மையே. ஆராய்ந்து, காரணம் கூறி, அளவிட்டு வழங்கிய தீர்ப்பே அவர்கள் இழப்பை மதிக்கும் தீர்ப்பு.

ஆசிரியர் கையில் உள்ளது

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. இன்றுள்ள சட்டத்திலேயே ஆசிரியர்க்கும் ஓர் இடம் உண்டு. குற்றம் நிறுவப்பட்டபின் ஆணை பிறப்பிக்குமுன், சிறார் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கருத வேண்டும். பிள்ளையின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், மருத்துவ வரலாறு ஆகியவற்றோடு பள்ளிப் பதிவும் அவ்வறிக்கையில் இடம்பெறும். கட்டொழுங்குக் குறிப்பேட்டில் ‘முரடன்’ என்று மட்டும் எழுதிவைத்த ஒரு சொல், பின்னாளில் ஒரு மாஜிஸ்திரேட்டின் மேசைக்குச் செல்லலாம். தந்தை வேலையிழந்த மாதத்திலிருந்து வருகை குறைந்தது, காற்பந்துக் குழுவில் ஒழுங்காக ஆடினான், தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வருபவன் இவனே என்ற குறிப்புகளும் அங்கே செல்லலாம். பிள்ளையை ஆராயும் வேலை நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, வகுப்பறையில் தொடங்குகிறது.

மாணவர்களும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். சிறார் கைது செய்யப்பட்டால், காவல்துறை உடனடியாகப் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரை நாடும் உரிமை அரசமைப்பு வழங்கியது. பிடிபட்ட பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் பரப்புவோர், அடையாளத்தைக் காக்கும் சட்டத்தின் நோக்கத்தையே அழிக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் முன்னதாக நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பையை, எவர் கொடுத்தாலும் வாங்காதிருப்பது.